ஈம் கிராமத்தில் ஆறு நாள்

முதல் நாள், புதன்

"எழுத்தைப் பார்த்து ஏயம்னு படிச்சுடாத, ஈம்னு சொல்லு, அப்பதான் வழி கேட்டா புரியும்" என்று ஷெஃபீல்டில் அக்கா சொல்லி அனுப்பினாள். டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா இதுதான், 1951இல் அறிவித்தார்கள். 1666இல் பிளேக் பரவியபோது வெளியே யாரும் போவதில்லை, உள்ளே யாரும் வருவதில்லை என்று தன்னைத் தானே பூட்டிக்கொண்ட ஊர் என்று கோவிட் சமயத்தில் படித்ததில் இருந்து இந்தப் பெயர் மனதில் தங்கிவிட்டது. ஆனால் நான் பிளேக்கைப் பார்க்க வரவில்லை. அப்படி ஒரு காரியம் செய்த ஊர் இன்றைக்கு எப்படி நாளைக் கழிக்கிறது, அங்கே எது செய்தி, யார் யாரிடம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன். ஆகஸ்ட் கடைசி வாரமாகப் பார்த்து வந்ததற்கும் காரணம் உண்டு, அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஷெஃபீல்டில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் கிரிண்டில்ஃபோர்ட். வழியில் டாட்லி சுரங்கம், ஐந்தரை கிலோமீட்டருக்கும் அதிக நீளம், 1893இல் திறந்தது. இருட்டு முடிந்து வெளிச்சம் வந்த உடனே ஸ்டேஷன், சுரங்கத்தின் வாயிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் ஓக் மரக் காடு. நடுவில் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது.

கிரிண்டில்ஃபோர்டில் புனித ஹெலன் தேவாலயம் சாலை ஓரத்தில் இருக்கிறது. அதன் பக்கவாட்டு அறையில், பாதிரியார் அங்கி மாற்றும் அறையில், மளிகைக் கடை நடக்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு ஊருக்குச் சொந்தமாக நடத்தும் கடை. பில் போட்ட அம்மாளுக்குச் சம்பளம் கிடையாது, வாரத்தில் அரை நாள் அவர் முறை, அவ்வளவுதான். ரொட்டி, சீஸ், பக்கத்துப் பண்ணை முட்டை, தபால் தலை எல்லாம் இருந்தன. நான் ஒரு ரொட்டி வாங்குவதற்குள் எனக்குப் பின்னால் நின்றவரிடம் அவர் கணவரின் முழங்கால் ஆபரேஷன் பற்றி விசாரித்து, அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு யார் காரில் கூட்டிப்போவது என்பதும் முடிவாகிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் இது நடக்காது என்று தோன்றியது.

மேட்டில் ஏறும் வழியில் ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி. உள்ளே போன் இல்லை, இதயம் நின்றுபோனால் அதிர்ச்சி கொடுத்து மறுபடி துடிக்க வைக்கும் கருவி தொங்குகிறது. போன் கம்பெனி உபயோகமில்லாத பெட்டிகளை ஒரே ஒரு பவுண்டுக்குப் பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் மன்றங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் ஆகும் ஊர்களில் இது அலங்காரம் இல்லை, உயிர் காக்கிற பொருள்.

ஒன்றரை மணி நேரம் நடந்து ஈம் வந்தேன். நான் தங்கும் வீட்டு அம்மாள் அறுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். சமையலறைத் தரையில் கால் வைக்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் வாளி, வாளி நிறையப் பூ.

இரண்டாம் நாள், வியாழன்

இன்று முழுக்கப் பூ இதழ் ஒட்டினேன்.

டெர்பிஷயர் கிராமங்களில் கோடைக்காலத்தில் கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் அலங்காரம் செய்வார்கள். மே மாதத்தில் டிஸ்ஸிங்டன் தொடங்கி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம், ஈமுக்கு ஆகஸ்ட் கடைசி. மாலை போட்டு விடுவது இல்லை இது. ஆள் உயரப் பலகை, அதில் ஆயிரக்கணக்கில் ஆணி அடித்து, தண்ணீரில் பல நாள் ஊறப் போடுகிறார்கள். பலகை காய்ந்திருந்தால் களிமண்ணில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும், களிமண் வெடித்தால் படம் போச்சு. களிமண்ணில் உப்பும் தண்ணீரும் சேர்த்து, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதித்து மிதித்துக் குழைத்து, பலகையில் ஒரு அங்குல கனத்துக்கு அப்புகிறார்கள். ஆணிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காகிதத்தில் வரைந்த படத்தை அதன் மேல் விரித்து, கோடு நெடுக ஊசியால் குத்தினால் படம் களிமண்ணில் இறங்கிவிடும். அந்தப் புள்ளிகளின் மேல் கறுப்புக் கோடு. அதற்கு ஆல்டர் மரத்தின் சின்னச் சின்ன காய்ந்த காய்களைப் பதிக்கிறார்கள், சில ஊர்களில் காப்பிக் கொட்டை, மிளகு கூட. கோடு முடிந்த பிறகுதான் நிறம். ஹைட்ரேஞ்சியா இதழ், பாசி, மரப்பட்டையில் படரும் சாம்பல் நிறக் காளான் படலம், பார்ஸ்லி இலை, சோளம். பிளாஸ்டிக், பெயின்ட் எதற்கும் இடம் கிடையாது, எல்லாம் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு கராஜில் மேசைகளின் மேல் பலகையைப் படுக்க வைத்து, சுற்றி எட்டு ஒன்பது பேர். எனக்கு ஆகாயத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள், நீல இதழ். மேலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் என் வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு, கீழேயிருந்து ஆரம்பித்துக் காட்டினார். ஓட்டுக் கூரை மாதிரி, கீழ் வரிசை மேல் மேல் வரிசை கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்து ஓடும். எட்டு நாள் வெளியில் நிற்க வேண்டிய படம், டெர்பிஷயர் மழையில். ஒரு கையளவு ஆகாயத்தை முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முதுகு வலித்தது, ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை.

காரணம் அந்தப் பேச்சு. கை ஓயாமல் இருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, முகம் பார்க்காததால் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். டாக்டரைப் பார்க்க நாள் குறித்து வாங்குவது எவ்வளவு கஷ்டமாகிவிட்டது, ஒரு வீட்டுக்காரர் கூரையில் ஜன்னல் வைக்க மனு போட்டிருக்கிறார் அதை ஏற்கலாமா, மாலை பஸ் எந்த நாட்களில் வருகிறது, கல்லறைத் தோட்டப் புல்லை இந்த முறை யார் வெட்டுவது, மேட்டுத் தெருவில் தனியாக இருக்கும் ஒருவர் இரண்டு நாளாக வெளியே காணோமே. இதைச் சொன்னதும் ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்து, "சளி மட்டும்தான், சூப் வச்சுக் கொடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லி மறுபடி மஞ்சள் இதழை எடுத்தார். செய்தி என்று நான் இதுவரை நினைத்திருந்தது எங்கோ நடந்ததைத் தெரிந்துகொள்வது. இங்கே செய்தி காதில் விழுந்தால் யாராவது ஒருவர் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் மழை. ஊர் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை முன்னால் குடை பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்று எல்லாவற்றையும் படித்தேன். காணாமல் போன பூனை. முதலுதவிப் பயிற்சி வகுப்பு. நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வேலிச்செடியை வெட்டச் சொல்லி ஒரு வேண்டுகோள், பார்வை இல்லாதவர்களின் முகத்தில் குத்துகிறது என்ற காரணத்தோடு. பாரிஷ் கவுன்சில் கூட்டக் குறிப்பு.

இந்தப் பாரிஷ் என்ற சொல்லை விளக்க வேண்டும். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்வார்களே, ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லை, ஆரம்பத்தில் அதுதான். பல நூற்றாண்டுகளுக்கு ஊர்ப் பொதுக் காரியங்களையும் தேவாலயக் கூட்டமே பார்த்தது, ஏழைகளுக்கு உதவி, சாலை பழுது எல்லாம். 1894இல் ஒரு சட்டம் போட்டு அதைப் பிரித்தார்கள். தேவாலயப் பங்கு ஒரு பக்கம், மக்கள் தேர்ந்தெடுக்கும் பாரிஷ் கவுன்சில் மறுபக்கம். அந்தச் சட்டம் பெண்களுக்கும், திருமணமான பெண்கள் உட்பட, இந்தக் கவுன்சிலுக்கு ஓட்டுப் போடவும் போட்டியிடவும் இடம் கொடுத்தது. பாராளுமன்றத்துக்குப் பெண்கள் ஓட்டுப் போட 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இந்தச் சின்ன கவுன்சில் கால் நூற்றாண்டு முந்திக்கொண்டது. இன்றைக்கு இங்கிலாந்தில் இப்படிப் பத்தாயிரம் கவுன்சில்கள் வரை இருக்கின்றன.

அதிகாரம் ரொம்ப இல்லை. பெரிய சாலையும் பள்ளிக்கூடமும் டெர்பிஷயர் கவுன்டி கவுன்சில் கையில், குப்பை எடுப்பது டெர்பிஷயர் டேல்ஸ் மாவட்டக் கவுன்சில் வேலை, வீடு கட்ட அனுமதி கொடுப்பதோ பேக்வெல்லில் இருக்கும் தேசியப் பூங்கா ஆணையம். பாரிஷ் கவுன்சிலுக்கு மிஞ்சுவது விளையாட்டுத் திடல், பெஞ்ச், அறிவிப்புப் பலகை, காய்கறித் தோட்டத் துண்டுகளை வாடகைக்கு விடுவது, அப்புறம் கட்டட மனுக்கள் மேல் கருத்துச் சொல்வது. கருத்துதான், முடிவு இல்லை. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிளார்க் ஒருவர் மட்டும் பகுதி நேரச் சம்பளத்தில் கடிதம், கணக்கு எல்லாம் பார்க்கிறார். கூட்டத்துக்குக் குறைந்தது முழுதாக மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆகஸ்டில் பல பாரிஷ்களில் கூட்டமே கிடையாது, எனக்கும் ஒன்றும் வாய்க்கவில்லை. வீட்டு அம்மாள் பல வருடம் போய் வந்தவர். ஒரு பெஞ்சை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று ஒரு முழு மாலை பேசியதைச் சொன்னார். கேட்கும்போது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள் மனைவியைப் புதைத்த கிழவர்கள், அவர்களுக்குக் கல்லறை தெரிய வேண்டுமா மலை தெரிய வேண்டுமா என்பது சின்ன விஷயம் இல்லை. மலைப் பக்கம் என்று முடிவானதாம்.

மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒரு கட்டடம், சர்ச் தெருவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழைப்பாளிகள் வேலை முடிந்து வந்து படிப்பதற்காகக் கட்டியது, இப்போது ஊர்க் கூடம். மழைக்கு ஒதுங்கியதில் அங்கே டீ கிடைத்தது, ஊர்க் கவலையும் கிடைத்தது. வீட்டு விலை. அழகான ஊர், கல் வீடுகள், தேசியப் பூங்கா என்பதால் புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பது கடினம், இருப்பதில் பலவற்றை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கு என்று வாங்கிவிடுகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாமல் செஸ்டர்ஃபீல்ட், ஷெஃபீல்ட் என்று போய்விடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு என்று குறைந்த விலை வீடுகள் கொஞ்சம் உண்டு, பத்து வருடமாவது இந்தப் பகுதியில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. போதவில்லை. நேற்று கராஜில் இருந்தவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஒருவரைத் தவிர எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அந்த ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்தவர். ஜன்னலில் விளக்கு எரியாத வீட்டில் இருந்து சூப் எடுத்துக்கொண்டு யார் ஓடுவார்கள்? இதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை, என் ஊர் இல்லைதான், இருந்தாலும்.

நான்காம் நாள், சனி

பலகைகளைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். ஆறு பேர் பிடித்துத் தூக்கினார்கள், களிமண்ணின் கனம் அப்படி. என் ஆகாயம் மேல் இடது மூலையில் இருக்கிறது, ஒரு இதழ் கூட விழவில்லை, நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

அலங்காரம் எல்லாம் தண்ணீருக்கு நன்றி சொல்வதற்கு. ஈமில் அதற்கு அர்த்தம் உண்டு, 1588இலேயே மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து தெருவில் கல் தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். தொட்டிகள் சில இன்னும் இருக்கின்றன.

புனித லாரன்ஸ் தேவாலயத் தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கல் சிலுவை, சுவரில் 1775ஆம் வருடச் சூரிய கடிகாரம், அதில் தூரத்து நாட்டு நகரங்களின் பெயரெல்லாம் செதுக்கியிருக்கிறது. ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் கல்லறையும் பார்த்தேன். ஹாரி பாக்ஷா, டெர்பிஷயருக்கு ஆடியவர், 1927இல் இறந்தார். கல்லில் ஸ்டம்ப் சாய்ந்து கிடக்கிறது, மேலே அவுட் என்று விரல் உயர்த்திய அம்பயர் கை. அந்த மனிதர் ஆட்டத்தை எவ்வளவு நேசித்திருந்தால் வீட்டார் இதைச் செதுக்கியிருப்பார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, இங்கே பிளேக் ஞாயிறு. தேவாலயத்தில் இருந்து எல்லோரும் நடந்து குக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்குக்குப் போனோம். புல் சரிவு, எதிரே கமான் மாதிரி குடைந்த பாறை. 1666 கோடையில் தேவாலயத்தைப் பூட்டிவிட்டு இங்கேதான் ஆராதனை நடத்தினார்கள், குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1665 செப்டம்பரில் ஒரு தையல்காரர் வீட்டுக்கு லண்டனில் இருந்து துணி மூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் அடுப்புக்கு முன் விரித்தார்கள், அதில் தெள்ளுப்பூச்சி இருந்தது என்பது வழிவழியாகச் சொல்வது. அந்த வீட்டில் வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் இறந்தார். குளிரில் கொஞ்சம் அடங்கியது, அடுத்த கோடையில் பற்றி எரிந்தது. பதினான்கு மாதத்தில் ஏறத்தாழ 260 பேர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே வயலுக்கு இழுத்துப் போய்ப் புதைத்தார், உதவ யாரும் வரவில்லை, வரவும் முடியாது. அந்தக் கற்கள் ரைலி வயலில் இன்னும் நிற்கின்றன.

ஊரைப் பூட்டும் யோசனையைச் சொன்னவர் பாதிரியார் வில்லியம் மாம்பெஸன். இருபத்தெட்டு வயதுக்காரர், ஊருக்குப் புதியவர், மக்களுக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. மக்கள் நம்பியது தாமஸ் ஸ்டான்லியை, அரசு கொண்டுவந்த மதச் சட்டத்தை ஏற்காததால் பதவி இழந்த பழைய பாதிரியார். கொள்கையில் இருவரும் எதிரெதிர். மாம்பெஸன் அவரைத் தேடிப் போனார், அவரும் சேர்ந்து நின்றார், அதன் பிறகுதான் ஊர் ஒப்புக்கொண்டது. இந்தக் கதையில் எனக்குப் பெரியதாகப் படுவது இந்த இடம். மாம்பெஸன் தன் இரண்டு குழந்தைகளையும் முன்பே வெளியூர் அனுப்பிவிட்டார் என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. மனைவி கேதரின் போகாமல் கூடவே இருந்து நோயாளிகளைப் பார்த்தார், ஆகஸ்ட் 1666இல் இறந்தார். தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை.

ஆராதனையில் நின்றவர்களில் பலர் கராஜில் என்னுடன் இதழ் ஒட்டியவர்கள். பாதிரியார் பேசியதை விட, பாட்டு முடிந்து சும்மா நின்ற அந்த ஒரு நிமிடம் கனமாக இருந்தது. எனக்கு 2020 ஞாபகம் வந்தது. பெரியம்மா போனபோது பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று நான் போகாமல் போனில் பார்த்தேன். அதைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. இதற்கு மேல் இன்றும் எழுத முடியவில்லை.

மத்தியானம் எல்லைக் கல்லுக்கு நடந்தேன், ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில் வயல்வெளியில். பாறையில் ஆறு குழி. காசு வழியாக நோய் ஒட்டக்கூடாது என்று குழியில் வினிகர் ஊற்றி அதில் காசு போட்டு வைப்பார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் சாப்பாடு வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சாட்ஸ்வர்த் மாளிகையில் இருந்து டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். ஈம் மக்களின் தியாகத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் பயந்து நடுங்கிக்கொண்டே, கல் வரை வந்து ரொட்டியை வைத்துவிட்டுப் போன அந்தப் பக்கத்து ஊர் ஆட்கள் வராமல் போயிருந்தால் பசியே ஊரை வெளியே துரத்தியிருக்கும். குழிகளைத் தொட்டுப் பார்த்தேன், விரல்கள் பட்டுப் பட்டு விளிம்பு வழவழப்பாகிவிட்டது.

கீழே இறங்கிவிட்டதால் திரும்ப பஸ்ஸில் ஏறலாம் என்று நின்றேன். பலகையில் போட்டிருந்த நேரம் கடந்து ஐம்பது நிமிடம் வரை வரவில்லை. நடந்தே ஏறினேன். வண்டி ஓட்டாத கிழவர் ஒருவர் இப்படி நின்றால் அவருக்கு ஞாயிறு முடிந்தது.

ஆறாம் நாள், திங்கள்

இன்று கிளம்ப வேண்டும். காலையில் வாசலில் ஒரு கட்டு வந்து விழுந்தது, செப்டம்பர் மாத ஊர் இதழ். மாதம் ஒரு முறை, கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் பக்கம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் பொறுப்பு, வீட்டு அம்மாளுக்கு முப்பத்தொரு வீடு. பள்ளத்தாக்குக்கு இறங்கி ஏறியதில் அவர் முழங்கால் வீங்கியிருந்தது. "ரயிலுக்கு நேரம் இருக்கே, நான் போட்டுட்டு வரேன்" என்றேன். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எந்த வீட்டில் நாய் இதழைக் கடிக்கும், எந்த வீட்டில் கதவுத் துவாரம் கையை நசுக்கும், எந்த வீட்டில் கதவைத் தட்டிக் கையிலேயே கொடுக்க வேண்டும், அவருக்குக் குனிய முடியாது. நான்கு வீடுகளுக்கு நேராக வெறும் கோடு. விடுமுறை வீடுகள், போட வேண்டாம்.

போகும்போது படித்துக்கொண்டே போனேன். ஞானஸ்நானம், அடக்கம், அறுவடைத் திருநாள் சாப்பாடு, யார் வீட்டில் ஆப்பிள் மிஞ்சிக் கிடக்கிறது, பள்ளிக்கூடம் திறக்கும் நாள். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, இதழ் போட ஆள் தேவை, இரண்டு தெரு காலி.

குனிய முடியாதவர் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. தட்டிவிட்டுக் காத்திருந்தேன், வெகு நேரம் ஆனது, உள்ளே கைத்தடிச் சத்தம். கதவைத் திறந்து என்னையும் இதழையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். முழங்கால் வீங்கியிருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். சற்று இருங்கள் என்று உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு முட்டைக்கோஸைக் கொண்டுவந்து கையில் வைத்தார், அவளிடம் கொடுத்துவிடுங்கள், சாயங்காலம் நான் போன் பண்ணுகிறேன் என்று.